நூரிக்குப் புது காக்பிட் வந்தது, ஆயுள் ஏன் வரவில்லை? குளுவாங்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் எந்தக் கோப்பிக்கடையில் உட்கார்ந்தாலும், பேச்சு நூரி ஹெலிகாப்டர் பக்கம் திரும்பினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "இப்பத்தானே நூரிக்குப் புது காக்பிட் போட்டாங்க, அப்புறம் ஏன் ஓரங்கட்டினாங்க?" கேட்பவர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்பவர்கள் இல்லை. ஊரை ஒட்டியே இராணுவ விமானத் திடல் இருக்கிறது. விமானப்படையிடமிருந்து இராணுவத்தின் வான்பிரிவுக்குக் கைமாறிய நூரிகள் இங்கிருந்துதான் பறந்தன. சுற்றியுள்ள செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, தலையைத் தூக்காமலே சத்தத்தை வைத்து இது நூரியா வேறொன்றா என்று சொல்லத் தெரியும்.

கேள்வி நியாயமானது. வரிப்பணத்தைச் செலவழித்துப் புதுப்பித்த ஒன்றைச் சீக்கிரமே நிறுத்தினால் யாருக்கும் உறுத்தத்தான் செய்யும். அதை ஊழல், அலட்சியம் என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் திருப்தி இல்லை. நான் இந்த வட்டாரத்துச் செம்பனை ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். விமானம் என் தொழில் இல்லை, ஆனால் விரிசல், தேய்மானம், சோதனைத் தேதி எல்லாம் தினப்பாடு. நூரியில் பல காலம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) இருக்கிறார். பால்மரம் வெட்டிய குடும்பத்திலிருந்து விமானப்படைக்குப் போனவர். அவரோடு பேசியதையும் பொதுவில் தெரிந்த விவரங்களையும் சேர்த்து வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விமானத்தை நவீனமாக்குவது ஒரு வேலை, அதன் ஆயுளை நீட்டிப்பது வேறொரு வேலை. இரண்டும் ஒரே பட்டறையில் நடக்கலாம், ஒரே செய்தி அறிக்கையில் வரலாம். அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

நூரி யார்?

நூரி என்பது சிகோர்ஸ்கி நிறுவனத்தின் எஸ்-61 ஹெலிகாப்டருக்கு மலேசியா வைத்த பெயர். ஒரு கிளிவகைப் பறவையின் பெயர் அது. இதன் மூல வடிவமான சீ கிங் முதன்முதலில் பறந்தது 1959 மார்ச்சில். கடற்படைக்காகச் செய்தது என்பதால் அடிப்பாகம் படகு மாதிரி இருக்கும், தேவைப்பட்டால் தண்ணீரில் இறங்கி மிதக்கும். மலேசியாவில் 1968 முதல் சேவைக்கு வந்தது. பல தவணைகளில் ஏறத்தாழ 40 வாங்கினோம்.

அது வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின் இரண்டாம் கட்டம் தொடங்கியதும் 1968தான். கிளர்ச்சியை முடித்துவைத்த 1989 ஹாட்யாய் உடன்படிக்கை வரை, காட்டுக்குள் படையை இறக்குவது, காயம்பட்டவர்களைத் தூக்கி வருவது, எல்லை முகாம்களுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுபோவது எல்லாமே நூரியின் தலையில்தான் விழுந்தன. அப்புறம் சபா, சரவாக் உள்நாட்டுப் பயணங்கள், வெள்ள நிவாரணம், தேடுதல் பணிகள். ஓய்வாக நின்ற காலம் என்று எதுவும் இல்லை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும், ஏனென்றால் விமானத்தின் வயதை நாட்காட்டி மட்டும் சொல்லாது.

உலோகம் எப்படிக் களைக்கிறது?

எங்கள் ஆலையில் ஸ்டெரிலைசர் என்று ஒரு பெரிய படுக்கை உருளை இருக்கிறது. செம்பனைக் குலைகளைக் கூண்டு கூண்டாக உள்ளே தள்ளி, கதவை அடைத்து, சுமார் 3 பார் அழுத்தத்தில் நீராவி விடுவோம். ஒரே மூச்சில் இல்லை. ஏற்றி இறக்கி, மறுபடி ஏற்றி இறக்கி, மூன்றாம் முறை ஏற்றிப் பிடித்து வைப்போம். மொத்தம் ஒன்றரை மணி நேர வேலை. ஒரு நாளைக்குப் பத்துச் சுற்று என்று வைத்துக்கொண்டால், தகடு 30 தடவை உப்பிச் சுருங்குகிறது. வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 9,000 தடவை. ஒரு தடவைக்குரிய அழுத்தம் அந்தத் தகட்டை ஒன்றும் செய்யாது. எண்ணிக்கைதான் செய்யும். கதவு வளையத்தின் பற்றவைப்பு ஓரத்தில் ஒரு நாள் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. இடத்தைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் அடித்து, ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தெளித்தால், உள்ளே இறங்கிய சாயம் மெதுவாக வெளியே கசிந்து சிவப்பு நூலாக நிற்கும். அதனால்தான் கொதிகலனுக்கும் அழுத்தக் கலனுக்கும் 15 மாதத்துக்கு ஒரு முறை தகுதிச் சான்றிதழ் புதுப்பிக்கும் வழக்கம் இந்த நாட்டில் வந்தது.

விமானத்தில் நடப்பதும் இதேதான், எண்ணிக்கைதான் வேறு. நூரியின் தலைக்கு மேல் சுழலும் விசிறியான முதன்மை ரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றும். பிளேடுகள் ஐந்து. கணக்குப் போட்டால் உடற்கூடு விநாடிக்குப் பதினாறு, பதினேழு தடவை குலுங்குகிறது. ஒரு மணி நேரப் பறப்பில் அது சுமார் 60,000. ஸ்டெரிலைசர் ஆறேழு வருடத்தில் வாங்கும் அடியை ஹெலிகாப்டர் ஒரே மணி நேரத்தில் வாங்கிவிடுகிறது. அடி ஒவ்வொன்றும் சிறிதுதான், ஆனால் ஓய்வே கிடையாது.

இதைத் தாங்க ஹெலிகாப்டர் செய்பவர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ரோட்டர் தலை, பிளேடு, தண்டு, கியர்பாக்ஸ் பாகங்கள் போன்ற சுழலும் பாகங்களுக்கு மணிக்கணக்கில் ஆயுள் விதித்துவிடுவார்கள். அந்த மணி முடிந்ததும், பார்க்கப் புதிதாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும், எத்தனை மணி ஓடியது என்று குறித்து வைக்கும் ஒரு லாக் கார்டு உண்டு. கார்டு இல்லாத பாகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இரும்புக்கடைக்குத்தான் போகும் என்பார் அண்ணன்.

எஸ்-61இன் பிளேடில் ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. பிளேடின் முதுகெலும்பாக ஓடும் அலுமினியக் குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்தோடு அடைத்து வைத்திருப்பார்கள். குழாயில் எங்காவது விரிசல் விழுந்தால் வாயு கசியும். வேரில் பொருத்திய சின்னக் காட்டியில் நிறம் மாறிவிடும். கிளம்புமுன் ஆள் மேலே ஏறி ஐந்து காட்டிகளையும் பார்க்க வேண்டும். "மத்ததெல்லாம் பேப்பர்ல இருக்கும் தம்பி. இது மட்டும் அதுவே வாயைத் திறந்து சொல்லும்" என்றார். விரிசலையே தகவல் சொல்ல வைக்கும் இந்த யோசனை அறுபது வருடம் பழையது. இன்றைக்கும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

இரண்டாவது வழி உடற்கூட்டுக்கு. அதைக் கழற்றி மாற்ற முடியாது. அங்கே தேடிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. நூரியில் தேட வேண்டிய இடமோ படகு வடிவ அடிவயிறு. மழை, ஈரம், சிந்திய எண்ணெய், வெள்ளத்தில் மீட்டவர்களின் காலோடு வந்த சேறு எல்லாம் இறங்கித் தங்குவது அங்கேதான். நம் ஊர்க் காற்றின் ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியம் இரும்பு மாதிரிச் சிவப்பாகத் துருப்பிடிக்காது. வெள்ளைப் பொடி கிளம்பும், அல்லது தகடு ஓரத்தில் ஏடு ஏடாக உப்பிப் பிரியும். தரைப் பலகையைத் தூக்கி, டார்ச் அடித்து, கை நுழையும் இடத்தில் கையையும் நுழையாத இடத்தில் கண்ணாடியையும் விட்டுப் பார்ப்பார்களாம். ரிவெட் தலையைச் சுற்றிக் கறுப்பாகப் புகை படிந்த மாதிரி இருந்தால் அந்த ரிவெட் ஆடுகிறது என்று பொருள். இந்த வேலையைப் படம் பிடித்து யாரும் பத்திரிகையில் போடுவதில்லை.

முதல் நாளிலிருந்தே விரிசல் இருப்பதாக வைத்துக்கொள்

இராணுவ விமான ஆயுள் பற்றிய சிந்தனை ஒரு விபத்தால் தலைகீழானது. 1969 டிசம்பர் 22, அமெரிக்காவின் நெவாடாவில் எஃப்-111 என்ற போர் விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கை கழன்று விழுந்தது. பழைய விமானம் இல்லை, பறந்தது 100 மணி நேரத்தைச் சற்றே தாண்டியிருந்தது. இறக்கையைத் தாங்கும் எஃகுப் பாகத்தில் தயாரிக்கும்போதே ஒரு குறை ஒளிந்திருந்தது. சோதனைகள் எல்லாவற்றையும் தாண்டி வந்த குறை.

அதற்கு முன், "இவ்வளவு மணி வரை விரிசல் வராது" என்று கணக்கிட்டு ஆயுள் விதிப்பார்கள். அதற்குப் பின் அமெரிக்க விமானப்படை வேறு விதமாக யோசித்தது. முக்கியமான ஒவ்வொரு இடத்திலும் முதல் நாளிலிருந்தே ஒரு சின்ன விரிசல் இருப்பதாக வைத்துக்கொள். அது கருவியில் தெரியும் அளவுக்கு வளர எவ்வளவு நேரம், தெரிந்த அளவிலிருந்து உடையும் அளவுக்குப் போக எவ்வளவு நேரம் என்று கணக்கிடு. அந்த இரண்டாவது இடைவெளியைப் பாதியாக்கு. அதுதான் சோதனைக்குச் சோதனை விட வேண்டிய காலம். ஒரு முறை கண் தப்பினாலும் மறுமுறை பிடித்துவிடலாம்.

இந்த முறை வேலை செய்ய இரண்டு தேவை. எங்கே விரிசல் வரும் என்ற வரைபடம், அந்தக் குறிப்பிட்ட விமானம் எப்படிப் பறந்தது என்ற பதிவு. முதலாவதைத் தயாரித்த நிறுவனம் தரும். இரண்டாவதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். காட்டுக்குள் குறுகிய திடலில் பாரத்தோடு இறங்கி ஏறிய ஆயிரம் மணியும், ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்கு நேராகப் போன ஆயிரம் மணியும் ஒன்றில்லை.

சி-130 என்ற இராணுவச் சரக்கு விமானத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2002 ஜூன் 17, கலிஃபோர்னியாவின் வாக்கர் என்ற ஊருக்கு அருகே காட்டுத்தீ அணைக்கப் போன ஒரு பழைய சி-130ஏ, தீயணைப்புக் கலவையைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு இறக்கையும் மடிந்து விழுந்தது. மூவர் இறந்தார்கள். 1957இல் செய்த விமானம். இரண்டு இறக்கையையும் உடலோடு இணைக்கும் நடுப்பெட்டியின் அடித்தகட்டில் சோர்வு விரிசல். அதுவும் பலப்படுத்துவதற்காக மேலே ஒட்டியிருந்த இன்னொரு தகட்டுக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில். தாழப் பறந்து, திடீரென்று பாரத்தை உதறி மேலெழும் வேலை, சரக்கு ஏற்றிச் செல்லும் வேலையைவிடப் பல மடங்கு கடுமையானது. அதனால்தான் அமெரிக்க விமானப்படை சி-130இன் நடுப்பெட்டியை வெறும் மணிக்கணக்கில் அளப்பதில்லை. பணியின் கடுமையால் பெருக்கிய சமமணியில் அளக்கிறது. 38,000 சமமணியைத் தொட்டால் கட்டுப்பாடுகளோடு பறக்கலாம், 45,000ஐத் தொட்டால் தரையிறக்கம். பறக்க வேண்டுமானால் நடுப்பெட்டியையே மாற்றியாக வேண்டும். செலவு அதிகம், ஆனால் அந்த விமானம் உண்மையிலேயே இன்னொரு ஆயுள் வாழும்.

ஆயுள் நீட்டிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் பி-52?

கோப்பிக்கடையில் இதுவும் வரும். "அமெரிக்காக்காரன் 1962இல் கட்டி முடித்த பி-52 குண்டுவீச்சு விமானத்தை 2050 வரை ஓட்டப் போறான், நமக்கு மட்டும் ஏன் முடியலே?" உண்மைதான், அதற்குப் புது ரோல்ஸ்-ராய்ஸ் என்ஜின் பொருத்தும் திட்டமே நடக்கிறது. ஆனால் பி-52எச் இப்போது சேவையில் இருப்பது 76. கட்டியது 102. முந்தைய வகைகளையும் சேர்த்தால் 700க்கு மேல். ஓய்வு பெற்றவை அரிசோனாவின் வறண்ட பாலைவனத்தில் அரிக்காமல் நின்று பாகம் கொடுத்தன. வரைபடம், சோதனைப் பதிவு, பணம் எல்லாம் வடிவமைத்த நாட்டின் கையில். எல்லாவற்றுக்கும் மேல் அது ரோட்டரில் தொங்கும் இயந்திரம் இல்லை. இந்த ஒப்பீட்டை விட்டுவிடலாம்.

ஒப்பிட வேண்டியது சீ கிங் குடும்பத்தோடுதான். கனடா 1963இல் வாங்கி 2018இல் ஓய்வு கொடுத்தது. பிரிட்டனின் கடைசி இராணுவ சீ கிங்கும் அதே 2018இல் இறங்கியது. ஓட்டுபவர்கள் குறையக் குறைய, பாகம் செய்பவருக்கு அச்சை வைத்திருப்பதில் லாபம் இல்லை. ஒரு முத்திரை வளையத்துக்கும் ஒரு பேரிங்குக்கும் காத்திருந்து மாதக்கணக்கில் விமானம் கொட்டகையில் நிற்கும். அப்புறம் ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடுவார்கள். பறக்கும் எண்ணிக்கை குறைந்தால், மிச்சமிருப்பவை கூடுதலாகப் பறக்க வேண்டும், சீக்கிரம் களைக்கும்.

நமக்கே பழைய அனுபவமும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் பழைய ஸ்கைஹாக் போர் விமானங்கள் 88 வாங்கினோம். அதில் 40ஐ மட்டும் கிரம்மன் நிறுவனம் புதுப்பித்து ஏ-4 பிடிஎம் என்ற பெயரில் குவாந்தானுக்கு அனுப்பியது. சுமார் பத்து வருடத்தில் அவற்றில் பெரும்பாலானவை ஓய்வுக்குப் போய்விட்டன. புதுப்பிக்காமல் விட்டவை பறந்தவற்றைவிட அதிகம் என்பதே விஷயத்தைச் சொல்லிவிடும்.

நூரியின் கடைசிப் பத்து வருடம்

2007 ஜூலையில் கெந்திங் செம்பா அருகே ஒரு நூரி விழுந்து, அதில் இருந்த ஆறு பேரும் இறந்தார்கள். மாற்று ஹெலிகாப்டர் வேண்டும் என்ற பேச்சு சூடுபிடித்தது. 2008இல் யூரோகாப்டர் நிறுவனத்தின் இசி725 ஹெலிகாப்டர் தேர்வானது. அதே வருடம் உலகப் பொருளாதாரம் சரிந்தது, அரசாங்கம் தள்ளி வைத்தது. பிறகு வாங்கியபோது 12 மட்டும்தான் வந்தது. 2012 முதல் அவை சேவைக்கு வந்தன.

பன்னிரண்டை வைத்துக்கொண்டு நூரிக் கூட்டம் செய்த வேலை அத்தனையும் செய்ய முடியாது. மிச்ச வேலை மறுபடி நூரியின் தலையில். சில நூரிகள் இராணுவத்தின் வான்பிரிவுக்கு மாறிக் குளுவாங்குக்கு வந்தன. சுபாங்கில் இருக்கும் ஏரோட் என்ற விமானப் பராமரிப்பு நிறுவனத்தில் பழைய கடிகாரக் காட்டிகளைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் திரைகள் பொருத்தும் வேலை தொடங்கியது.

இந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. மலைச்சரிவில் மேகம் சூழ்ந்தால் நல்ல வரைபடத் திரையும் நிலப்பரப்பு எச்சரிக்கையும் உயிரைக் காப்பாற்றும். பழைய காட்டிகளுக்குப் பாகம் கிடைக்காத தொல்லையும் தீரும். ஆனால் திரைக்குப் பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ் உறை, அடிவயிற்றுத் தகடு, கேபிள், குழாய் எதற்கும் இதனால் ஒரு மணி நேரம்கூடக் கூடவில்லை.

2019 ஆகஸ்டில் கெடாவின் குபிர் முகாமில் ஒரு நூரி இறங்கும்போது விபத்துக்குள்ளாகித் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. அதன்பின் நூரிகள் தரையிறக்கப்பட்டன. 2020 ஜனவரியில் நிரந்தர ஓய்வு அறிவித்தார்கள், புதுப்பித்தவையும் சேர்த்து.

ஊர்க் கோபம் இந்தக் கடைசி முடிவின் மேல்தான். என் பார்வையில் கடைசி முடிவு சரி. ஐம்பது வருடம் தாண்டிய கூட்டத்தில், சில நல்ல காக்பிட்டுகளுக்காக மொத்தப் பராமரிப்புச் சங்கிலியையும் உயிரோடு வைத்திருப்பது கட்டுப்படியாகாது. தவறியது முன்னால், 2012ஐ ஒட்டி. பன்னிரண்டுதான் வாங்க முடிகிறது என்று தெரிந்த அன்றே, மிச்சமுள்ள நூரிகளில் எந்தெந்த உடற்கூடு குறைந்த சோர்வோடு இருக்கிறது என்று பதிவைப் பார்த்துப் பிரித்து, அந்தக் கொஞ்சத்துக்கு மட்டும் முழு ஆழச் சோதனையும் கட்டமைப்பு வேலையும் செய்து, இன்ன வருடத்தோடு முடியும் என்று தேதி போட்டிருக்க வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை எஸ்-61ஐ வாங்கி ஓட்டியபோது, இழைக் கலவைப் பொருளால் ஆன புதுப் பிளேடு, புதுக் கம்பி இணைப்பு, புது காக்பிட் எல்லாம் ஒரே தொகுப்பாகப் போட்டார்கள். 

அண்ணன் இதில் பாதிதான் ஒத்துக்கொள்கிறார். "பிரிச்சு எடுக்கலாம் தம்பி, சொல்றது சுலபம். வெள்ளம் வந்தா, பத்து வேணும்னு மேலிருந்து போன் வரும்போது, இந்த நாலுதான் பறக்கும்னு யார் சொல்வா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆலையிலும் பழம் குவிந்து கிடக்கும்போது ஸ்டெரிலைசரை நிறுத்தச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

வரிசையில் அடுத்து

நூரி முடிந்த கதை. ஆனால் 1976இல் வந்த சி-130எச் இன்னும் சுபாங்கிலிருந்து பறக்கிறது, 1997இல் வந்த எட்டு எஃப்/ஏ-18டி போர் விமானங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கின்றன. இவற்றின் ஆயுள் நீட்டிப்பு பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் காக்பிட் படம்தான் முதலில் வரும். நான் தேடுவது வேறு. நடுப்பெட்டி மாற்றினார்களா, ஒவ்வொரு விமானமும் சமமணியில் எங்கே நிற்கிறது, எந்த வருடத்தோடு முடிக்கப் போகிறார்கள். அண்ணனிடம் கேட்டால் இன்னொன்றும் சேர்ப்பார்: ஸ்டோரில் கார்டோடு இருக்கும் உதிரி என்ஜின் எத்தனை.